மூன்றாம் வகுப்பில் இந்த மாதம் கழித்தல்: உங்கள் அனுபவம் என்ன?

கரூர் அம்மா:
52இல் 27 போனால் 35 என்று என் மகள் எழுதியிருந்தாள். அந்தப் பக்கத்தில் இருந்த ஆறு கணக்குகளும் அதே கதைதான். மேலே 2, கீழே 7, அதனால் 7இல் 2 போக 5. மூன்றாம் வகுப்புப் பிள்ளை இருக்கும் வீடுகளில் இதைப் பார்க்காதவர்கள் குறைவு. நான் சத்தம் போட்டேன். "பெரிய எண்ணிலிருந்துதான் சின்ன எண்ணைக் கழிக்க வேண்டும் என்று நீதானே அம்மா சொன்னாய்?" என்றாள். சொன்னது நான்தான், அவள் ஒன்றாம் வகுப்பில் இருந்தபோது. பதில் பேசாமல் ரப்பரை எடுத்து அழித்தேன், தாள் கிழிகிற அளவுக்கு. 5ஐ அடித்து 4 ஆக்கி, 2ஐ 12 ஆக்கிக் காட்டினேன். 25 என்று எழுதினாள். எழுதிவிட்டு, "இது உன் விடை அம்மா" என்று நோட்டை என் பக்கம் தள்ளினாள். மூன்று வாரம் ஆகிவிட்டது. அந்த நோட்டு மேசையில் நகர்ந்து வந்தது இன்னும் கண்ணிலேயே நிற்கிறது.

தென்காசி டீச்சர்:
எங்களுடையது ஈராசிரியர் பள்ளி. 2022இல் எண்ணும் எழுத்தும் என்ற அரசுத் திட்டம் வந்ததிலிருந்து பிள்ளைகளை அரும்பு, மொட்டு, மலர் என்று கற்றல் நிலை பார்த்துத்தான் உட்கார வைக்கிறோம். மொட்டுக் குழுவுக்கு இந்த மாதம் பத்துகளும் ஒன்றுகளும், அதை வைத்துக் கழித்தல். ஈர்க்குச்சிகளைத் தரையில் கொட்டி, "52 குச்சி இருக்கிறது. எத்தனை கட்டு, எத்தனை உதிரி?" என்று கேட்டேன். ஒரு பையன் குச்சியைத் தொடக்கூட இல்லை. "இரண்டு கட்டு, இரண்டு உதிரி டீச்சர்" என்றான். தவறு, ஐந்து கட்டு என்று சொல்லிவிட்டு அடுத்த பிள்ளையிடம் போய்விட்டேன். 27ஐ எடுத்துவிட்டால் மீதி எவ்வளவு என்று கேட்டபோதும் அவன்தான் முதலில் கையை நீட்டினான். "ஒரு கட்டு." அதுவும் தவறு என்றேன். நீட்டிய கையை மடக்கி அக்குளுக்குள் வைத்துக்கொண்டான்.

இரவு பாத்திரம் கழுவும்போதுதான் உறைத்தது. அவன் அம்மா பீடி சுற்றுகிறவர். அவர்கள் வீட்டில் கட்டு என்றால் 25. இரண்டு கட்டும் இரண்டும் 52. ஒரு கட்டும் இரண்டும் 27. போக மீதி ஒரு கட்டு. நான் அரை மணி நேரமாகக் கட்டைப் பிரித்துப் பிரித்துக் காட்டிக்கொண்டிருந்த கணக்கை, எதையும் பிரிக்காமல் முடித்துவிட்டான். அவனிடம்தான் இரண்டு முறை தவறு என்று சொல்லியிருக்கிறேன்.

மதுரை பழைய கணக்கர்:
கரூர் அம்மா வருந்தத் தேவையில்லை. கண்டிப்பு இல்லாமல் கணக்கு வராது. என் அப்பா மளிகைக்கடை வைத்திருந்தார். எனக்கு அவர் சொல்லிக்கொடுத்த முறை வேறு: 12இல் 7 போக 5, கீழே இருக்கிற 2ஐ 3 ஆக்கு, 5இல் 3 போக 2. மேலே எதையும் அடிக்க வேண்டாம். பள்ளியில் விடை சரியாக இருந்தும் வழி சரியில்லை என்று சிவப்பு மையால் குறுக்குக் கோடு போட்டார்கள். அதை அப்பாவிடம் காட்டாமல் ஒளித்துவைத்தேன்.

இனி நான் சொல்வதை எல்லோரும் செய்து பாருங்கள். முதலில் பத்தின் ஜோடிகள் நாக்கு நுனியில் நிற்க வேண்டும்: 1க்கு 9, 2க்கு 8, 3க்கு 7. அது வராமல் கழித்தலைத் தொடவே கூடாது. பிறகு பிள்ளையைக் கடைக்கு அழைத்துப் போங்கள். 27 ரூபாய்ச் சாமானுக்கு 52 ரூபாய் கொடுத்தால் கடைக்காரர் கழிக்க மாட்டார், ஏறிப் போவார். 27லிருந்து 30க்கு 3, 30லிருந்து 50க்கு 20, அதற்கு மேல் 2. ஆக 25. விடையையும் 27ஐயும் கூட்டி 52 வருகிறதா என்று பிள்ளையே சரிபார்க்கட்டும். ஒரு நாளைக்கு ஐந்து கணக்குக்கு மேல் வேண்டாம். டீச்சரம்மாவுக்கும் ஒன்று: கட்டு என்றால் பத்து என்பதில் உறுதியாக இருங்கள். ஆளுக்கொரு கட்டு என்று விட்டால் நாளைக்கு நூறு, ஆயிரம் எப்படி வரும்?

ஓசூர் அப்பா:
ஐயா, முறைகள் இருக்கட்டும். சொல்லைப் பற்றி யாரும் பேசவில்லை. ஒரு பத்தைப் பிரித்துப் பத்து ஒன்றுகளாக்குவதற்குப் பாடப்புத்தகத்தில் இனமாற்றம் என்று இருக்கிறது. வீட்டில் நாம்தான் கடன் வாங்குதல் என்கிறோம். "பக்கத்து வீட்டுக்காரரிடம் ஒன்று கடன் வாங்கு" என்று நான் சொன்னதும் என் மகன் பென்சிலைக் கீழே வைத்துவிட்டான். வட்டிக்குப் பணம் கொடுத்தவர்கள் எங்கள் திண்ணையில் வந்து உட்கார்ந்திருந்தது அந்த வாரம்தான். "வேண்டாம் அப்பா, வேறு கணக்குப் போடுவோம்" என்றான். எட்டு வயது அவனுக்கு.

கரூர் அம்மா:
மதுரை ஐயாவுக்கு: கழிக்கும் வழி கேட்டு நான் எழுதவில்லை. வழி எனக்கும் தெரியும், அவளுக்கும் இப்போது தெரியும். கண்டிப்பு வேண்டும் என்கிறீர்கள். அந்தச் சிவப்புக் கோட்டை இத்தனை வருடம் கழித்து நீங்களே எழுதியிருக்கிறீர்களே. டீச்சர், அந்தப் பையன் என்ன ஆனான்?

தென்காசி டீச்சர்:
மறுநாள் காலை எல்லோர் முன்னாலும் அவனிடம், "நீ சொன்னது சரி, உன் வீட்டுக் கட்டில் 25 என்பதை நான் யோசிக்கவில்லை" என்றேன். அவன் சிரிக்கவில்லை. "ஐந்து கட்டு, இரண்டு உதிரி டீச்சர்" என்று என் விடையையே சொன்னான். அதுதான் என்னை விட மாட்டேன் என்கிறது. பிறகு ஈர்க்குச்சிகளை 25 ஆகவும் கட்டித் தனியாக ஒரு டப்பாவில் வைத்தேன். நான்கு நாள் அவன் அதைத் தொடவில்லை. இப்போது எண்ணுவதற்கு முன், "பள்ளிக் கட்டா, வீட்டுக் கட்டா?" என்று கேட்கிறான். மற்ற பிள்ளைகளும் அப்படியே கேட்கத் தொடங்கிவிட்டார்கள். அடுத்த வாரம் வளரறி மதிப்பீடு, பாடம் நடக்கும்போதே வைக்கிற தேர்வு. அதில் பள்ளிக் கட்டு மட்டும்தான்.