புதுப்பிப்பு: அப்பிச்சியின் ஆக்சிஜன் மெஷினும் கரண்ட் கட்டும்

கோபி (கோபிசெட்டிபாளையம்) பக்கம் பராமரிப்புக்காகப் பகல் முழுக்கக் கரண்ட் நிறுத்தினால் அப்பிச்சியின் (அம்மாவின் அப்பா) ஆக்சிஜன் மெஷினுக்கு என்ன வழி என்று முன்பு கேட்டிருந்தேன். பதில் சொன்ன எல்லோருக்கும் நன்றிங்க.

இன்வெர்ட்டர் மட்டும் போதாது. நிமிடத்துக்கு 5 லிட்டர் வரை தரும் மெஷின் சுமார் 350 வாட் இழுக்கிறது. 150 ஏஎச் பேட்டரி ஒன்று மூன்று, நாலு மணி நேரத்தில் படுத்துவிடும். அதனால் பி டைப் ஆக்சிஜன் சிலிண்டர் ஒன்றும் வாங்கி வைத்தோம். அதில் சுமார் 1500 லிட்டர். டாக்டர் எழுதிய நிமிடத்துக்கு 2 லிட்டர் கணக்கில் 12 மணி நேரம் வரும். ஆக்சிஜன் போகும் அளவைக் காட்டும் மீட்டரில் குண்டு 2-இல் நிற்கிறதா என்று பார்க்க அம்முச்சியே (அம்மாவின் அம்மா) பழகிவிட்டார்.

அப்புறம், மூக்கு காய்கிறதென்று எண்ணெய் தடவ வேண்டாம், தீப்பிடிக்கும் ஆபத்து. தண்ணீர் கலந்த ஜெல் போதும். பீடியோடு வரும் பங்காளிகளைத்தான் இன்னும் வாசலிலேயே நிறுத்த முடியவில்லை!