ஃப்ரோசன் ஐரிஷ் காபி தண்ணியாகிவிடுகிறது, என்ன தப்பு?

காபிக்கிண்ணம்: அமெரிக்காவின் நியூ ஆர்லியன்ஸ் ஊரில், ஃபிரெஞ்ச் குவார்ட்டர் பகுதி பார்களில் கிடைக்கிற பதத்தில் வேண்டும். இரண்டு பேருக்கு விஸ்கி 150 மி.லி., காபி லிக்கர் (காபி சுவை இனிப்பு மது) 45, ஆறவைத்த காபி, பால், நிறைய ஐஸ் கட்டி போட்டு மிக்ஸியில் அடிக்கிறேன். ஐந்து நிமிடத்தில் கரைந்து மேலே நுரை, கீழே தண்ணி.

பனித்துளி: இரண்டு தப்பு. விஸ்கி அதிகம், ஆல்கஹால் உறைநிலையை இறக்கிவிடும். 90 மி.லி. போதும். அடுத்தது, வெறும் ஐஸ் போடாதீங்க. காபியையே ட்ரேயில் உறையவைங்க: கெட்டி டிகாக்‌ஷன் 100, தண்ணீர் 100. அதோடு குளிர்ந்த பால் 100, மில்க்மெய்ட் 30, உங்க லிக்கர் 45. மொத்தத்தில் ஆல்கஹால் 10 சதவீதத்துக்குள் நிற்கும். அடித்ததும் ஜிப் பையில் ஊற்றி ஃப்ரீசரில் 4 மணி நேரம் படுக்கப்போடுங்க. ராத்திரி முழுக்க இருந்தாலும் பாறையாகாது. வெளியிலிருந்தே பிசைந்தால் கூழ்ப்பதம் வந்துவிடும்.

சிக்கரி80: அந்த ஊர் காபியிலும் சிக்கரி உண்டு, அதனால் நம்ம ஃபில்டர் டிகாக்‌ஷன் கச்சிதம். இனிப்பு மட்டும் ஒரு பிடி தூக்கலாக வைங்க, சில்லிப்பில் நாக்குக்கு இனிப்பு தெரியாது. அதுக்காக சர்க்கரையை அள்ளிக் கொட்டினால் அதுவும் உறையவிடாது.

பனித்துளி: பாலுக்குப் பதில் ஃப்ரெஷ் க்ரீம் என்றால் கடைசி 5 நொடி மட்டும் ஓடவிடுங்க. கூட ஓடினால் வெண்ணெய் திரண்டு ஸ்ட்ராவில் அடைக்கும். கிளாஸையும் முன்னாடியே ஃப்ரீசரில் வைங்க.