பக்கி கவிழ்ந்த நேரத்தில் என் இடது கை

கல்லேறி:
கலிபோர்னியா பாலைவனத்தில் பாறையேற்ற வண்டி ஓட்ட ஜான்சன் வேலி போனவர்களுக்கு பேக்டோர் பற்றிச் சொல்லவே வேண்டாம். கிங் ஆஃப் தி ஹேமர்ஸ் பந்தயம் நடக்கிற வாரத்தில் ராத்திரி முழுக்கக் கூட்டம் நின்று கத்துமே, அந்தப் பாறைச் சுவர்தான். நான் போனது ஆளே இல்லாத ஒரு நவம்பர் காலை. என்னோடு வேலை பார்ப்பவர் தன் வீட்டு ஷெட்டில் நான்கு வருடமாகக் கட்டிய பக்கி, அதாவது குழாய்க் கூண்டு போட்ட பாறையேறும் வண்டி: 40 அங்குல டயர், காற்று குறைந்தாலும் டயர் கழலாமல் பிடிக்கும் பீட்லாக் சக்கரம், காற்று 8 பிஎஸ்ஐ, முன்னும் பின்னும் பெரிய டிரக்கின் ‘ஒரு டன்’ ஆக்ஸில். ஒரு வருடமாகச் சின்னப் பாறைகளில் அதை ஓட்டிப் பழகியிருந்தேன். அவர் இரண்டு தடவை ஏறிக் காட்டிவிட்டு மூன்றாவது தடவை என்னை உட்கார வைத்தார்.

முன் டயர் இரண்டும் மேல் விளிம்பைத் தொட்டுவிட்டன. பின் டயர் ஒரு பள்ளத்தில் வழுக்கியது, நான் ஆக்ஸிலேட்டரை மிதித்தேன், வழுக்கிக்கொண்டிருந்த டயர் திடீரென்று பிடித்துக்கொண்டது, முன்பக்கம் அப்படியே மேலே எழுந்தது. முன்னால் கண்ணாடி கிடையாது, வெறும் வானம். வண்டி இடப்பக்கம் சாய ஆரம்பித்தபோது என் இடது கை வெளியே போய்க் கூண்டின் குழாயைப் பிடித்துக்கொண்டது. நான் நீட்டவில்லை, அதுவாகப் போனது. கீழே நின்று வழி சொல்லிக்கொண்டிருந்தவர் கையை உள்ளே இழு என்று அலறினார். இழுத்தேன். வண்டி பாறையில் விழுந்தது. அப்புறம் விஞ்ச் (கம்பி வடத்தைச் சுற்றி இழுக்கும் மோட்டார்) போட்டு நிமிர்த்தியபோது பார்த்தேன், நான் பிடித்திருந்த அதே இடத்தில் குழாய் நசுங்கி, பெயின்ட் போய், பாறைத்தூள் அப்பியிருந்தது.

ஐந்து முனை பெல்ட் போட்டிருந்தேன், ஹெல்மெட் போட்டிருந்தேன். கை வண்டிக்கு வெளியே போகாமல் பிடிக்கும் கைப்பட்டையை மட்டும் கட்டவில்லை, மெதுவாகத்தானே போகிறோம் என்று. ஆறு மாதம் ஆகிறது, தூக்கத்தில் இன்னும் அந்தக் கை வெளியே போகிறது. உங்களில் யாருக்காவது இப்படி நடந்திருக்கிறதா?

ஐம்பதுக்கு_ஒன்று:
கை தப்பியதே பெரிய விஷயம் அண்ணா. ஆனால் ஆக்ஸிலேட்டர் மிதித்ததுதான் காரணம் என்று நீங்கள் எழுதியிருப்பதை ஒப்புக்கொள்ள மாட்டேன். செங்குத்தாக ஏறும்போது எடை முழுக்கப் பின்னால் போகும், முன் காயிலோவர் (ஸ்பிரிங்கும் ஷாக் அப்சார்பரும் சேர்ந்தது) விரிந்து மூக்கைத் தூக்கிவிடும். அதற்காகத்தான் சேஸியில் ஒரு சின்ன விஞ்ச் வைத்து முன் ஆக்ஸிலைக் கீழிருந்து இழுத்துக் கட்டுகிறார்கள். உங்கள் வண்டியில் அது இருந்ததா? இருந்து நீங்கள் இழுக்காமல் விட்டிருந்தால் தப்பு அங்கே. காலில் இல்லை.

இன்னொன்று, கியர் கணக்கு. டிஎச்400 ஆட்டோமேட்டிக் கியர்பாக்ஸில் முதல் கியர் 2.48, முன் பின் ஆக்ஸிலுக்குச் சக்தியைப் பிரிக்கும் டிரான்ஸ்ஃபர் கேஸ் 3.8, ஆக்ஸிலில் 5.38. பெருக்கினால் 50 சொச்சம். இன்ஜின் ஐம்பது சுற்று சுற்றினால்தான் டயர் ஒரு சுற்று. ஆக்ஸிலேட்டரைத் தொடாமல் 800 ஆர்பிஎம் ஐடிலில் விட்டால் மணிக்கு சுமார் 3 கிலோமீட்டர்தான் வரும், நாம் நடப்பதைவிட மெதுவு. அந்த வேகத்திலேயே பெரும்பாலான படிகளை ஏறிவிடலாம். பேக்டோர் மாதிரி இடத்தில் கொஞ்சம் வேகம் வேண்டும் என்பதும் உண்மை. எங்கே மிதிக்க வேண்டும் என்பதை ஏறுவதற்கு முன்பே நடந்துபோய்ப் பார்த்து வைத்துக்கொள்ள வேண்டும். நான் அங்கேயே ஸ்லெட்ஜ்ஹேமர் பாதையில் ஒரு தடவை பக்கவாட்டில் படுத்தேன், பெரிதாக ஒன்றும் இல்லை. என் வண்டியில் சக்கரத்தோடு இரும்பு இணைப்பே இல்லாத முழு ஹைட்ராலிக் ஸ்டியரிங், இன்ஜின் நின்றதும் ஸ்டியரிங்கும் செத்துவிட்டது. அதுதான் எனக்கு நினைவில் இருக்கிறது.

மோஆப்_பயணி:
எனக்குக் கை அனுபவம் இல்லை. வேறு ஒன்று உறுத்திக்கொண்டே இருக்கிறது, அதை இங்கே சொல்லிவிடுகிறேன். யூட்டாவில் மோஆப் பக்கம் ப்ரிட்செட் கேன்யன் பாதையில் எங்கள் ஜீப் ஒரு படியில் மாட்டிக்கொண்டது. பின்னால் வந்த பக்கியில் எழுபது வயது இருக்கும் ஒரு பெரியவர். வழி அடைத்துக் கிடந்ததால் பின் ஆக்ஸிலுக்குப் போகும் இன்ஜின் சக்தியைத் துண்டித்துவிட்டு, பின் சக்கரத்துக்கு மட்டும் பிரேக் பிடித்து, முன் சக்கரத்தால் இழுத்து, வண்டியை நின்ற இடத்திலேயே திருப்பினார். அந்தச் சிவப்புக் கல் உப்புத்தாள் மாதிரி இருக்கும். ரப்பர் அதில் தேய்ந்த சத்தம் இன்னும் காதில் இருக்கிறது. எங்களை மேலே இழுத்துவிட்டுப் போய்விட்டார்.

அரை மணி நேரம் கழித்து அவரே நடந்து திரும்பி வந்தார். கையில் எண்ணெய் உறிஞ்சும் துணி. எங்கள் ஜீப்பிலிருந்து சொட்டியிருந்த எண்ணெயை முட்டி போட்டுத் துடைத்தார். நாங்கள் அதைத் தாண்டித் தாண்டித்தான் ஃபோட்டோ எடுத்துக்கொண்டிருந்தோம். பாதை போனால் யாருக்கும் இல்லை என்று மட்டும் சொன்னார்.

கலிபோர்னியாவின் ரூபிகான் டிரெயிலில் 2009ல் எண்ணெய்க்கசிவு, மண் அரிப்பு, மனிதக்கழிவு இதற்கெல்லாம் சேர்த்து நீர்வாரியம் சுத்தம் செய்யச் சொல்லி உத்தரவே போட்டது. அந்தத் துணியும் ஒரு குப்பைப் பையும் இல்லாமல் தயவுசெய்து யாரும் போகாதீர்கள்.

வெல்டர்_கோவை:
நான் உங்கள் ஊர்ப் பக்கம் வந்ததில்லை. கோவாவில் மழைக்காலத்தில் நடந்த ரெயின்ஃபாரஸ்ட் சேலஞ்ச் என்கிற ஆஃப்ரோடு போட்டியைப் பார்க்கப் போனபோது ஒரு பக்கியைப் பக்கத்தில் நின்று பார்த்தேன். சேறோடு வந்து நின்றது, ஆக்ஸிலைச் சேஸியோடு சேர்க்கும் லிங்க் தண்டைப் பிடித்திருக்கும் தகட்டில் முடி மாதிரி ஒரு விரிசல். வெல்டிங்கில் இல்லை, வெல்டிங்குக்கு ஒரு மில்லிமீட்டர் தள்ளி. ஓட்டியவரிடம் காட்டினேன், அவர் முகம் மாறியது. அவ்வளவுதான் என் கதை.

அதனால் கல்லேறி, அந்த நசுங்கிய குழாயைப் பற்றித்தான் எனக்குக் கவலை. நிமிர்த்தி பெயின்ட் அடித்து விட்டுவிடாதீர்கள். நசுங்கின குழாய் அடுத்த அடியில் அங்கேதான் மடங்கும், வெட்டி எடுத்துப் புதுசு போடுங்கள். அது 1.75 அங்குல விட்டம், 0.120 அங்குலச் சுவர் என்றால் அதே அளவில் டிஓஎம் (உள்ளே அச்சு வைத்து இழுத்துச் செய்த) குழாயே வேண்டும். இங்கே கூண்டுக்கு சிடிஎஸ் என்கிற தையல் இல்லாத குழாய் கேட்போம், வாசல் கேட் பண்ணுகிற இஆர்டபிள்யூ (தகட்டைச் சுருட்டித் தைத்த) குழாயைப் போடவே கூடாது. நுனியை அடுத்த குழாயின் வளைவுக்குச் சரியாகக் குடையுங்கள், இடைவெளி விட்டு அதை வெல்டிங் கம்பியால் நிரப்பாதீர்கள். குழாய் க்ரோம்மோலி 4130 என்கிற கலப்பு எஃகு என்றால் பற்றவைத்த பிறகு தண்ணீர் ஊற்றாதீர்கள், காற்றும் அடிக்காதீர்கள், தானாக ஆறட்டும். சீக்கிரம் ஆறினால் பற்றின இடத்துக்குப் பக்கத்தில் உடையும் தன்மை வந்துவிடும். உள்பக்கம் துருப்பிடித்திருக்கிறதா என்றும் வெட்டும்போது பாருங்கள். ஒவ்வொரு தடவை கவிழ்ந்த பிறகும் எல்லா மூட்டையும் துடைத்துவிட்டு விரிசலைச் சாயத்தால் காட்டும் டை பெனிட்ரன்ட் அடித்துப் பாருங்கள், மூன்று டப்பா செலவு, அரை நாள் வேலை.

கல்லேறி:
வெல்டர் அண்ணா, குழாயை மாற்றியாகிவிட்டது, நன்றி. முன் விஞ்ச் வண்டியில் இருந்தது, நான் இழுக்கவில்லை என்பதும் உண்மை. ஆனால் நான் கேட்டது கையைப் பற்றி.

போன சனிக்கிழமை பக்கியைக் கட்டியவரின் ஷெட்டுக்குப் போனேன். கைப்பட்டையை பெல்ட் பூட்டோடு சேர்த்து மாட்டினோம். பூட்டைத் திறந்தால் இரண்டும் ஒன்றாகக் கழன்றுவிடுகிறது. ஒரு மணி நேரம் நீளத்தைக் கூட்டிக் குறைத்துப் பார்த்தோம். இப்போது ஸ்டியரிங் எட்டுகிறது, கியர் எட்டுகிறது, விஞ்ச் சுவிட்ச் எட்டுகிறது. கூண்டுக் குழாய்க்கு நாலு விரல் முன்னாலேயே கை நின்றுவிடுகிறது. கண்ணை மூடிக்கொண்டு பத்துப் பதினைந்து தடவை வீசிப் பார்த்தேன்.