மறு: எக்சான், இன்ட்ரான் – ‘வெளியன், உள்ளன்’ சரிப்படுமா?

வணக்கம் ஐயா.

மரபணுவின் துண்டுகளான எக்சான், இன்ட்ரான் இரண்டுக்கும் முறையே வெளியன், உள்ளன் என்று தமிழில் வைக்கலாமா என்று கேட்டிருந்தீர்கள். இரண்டும் வாயில் எளிதாக வருகின்றன, மறுக்கவில்லை. ஆனால் ஒரு மரபணுவில் வைத்துப் பார்த்தால் பொருள் தலைகீழாகிவிடுகிறது. பீட்டா குளோபின் மரபணுவையே எடுத்துக்கொள்வோம், சிவப்பணுவில் உயிர்வளி சுமக்கும் ஹீமோகுளோபினின் நான்கு புரதச் சங்கிலிகளில் இரண்டு இதிலிருந்துதான் வருகின்றன. 11ஆம் குரோமோசோமின் குறுங்கரத்தில் சுமார் 1,600 டி.என்.ஏ எழுத்து (ஏ, டி, ஜி, சி என்ற வேதி அலகுகள்) நீளத்தில் இருக்கிறது: மூன்று எக்சான், அவற்றின் நடுவே 130 எழுத்தில் ஒன்றும் 850 எழுத்தில் ஒன்றுமாக இரண்டு இன்ட்ரான். செல் இவை அத்தனையையும் படியெடுத்து, அப்புறம் அந்தப் படியிலிருந்து இன்ட்ரான்களை வெட்டி நீக்கிவிட்டு எக்சான்களை ஒட்டுகிறது. ஆக வெளியேறுவது உள்ளன், தங்குவது வெளியன் என்று ஆகிறது! பிளஸ் டூ மாணவர் இதை எப்படி நினைவில் வைப்பார்? 1978இல் அமெரிக்க உயிரியலாளர் வால்டர் கில்பர்ட் இந்தப் பெயர்களை வைத்தபோது, புரதமாக வெளிப்படும் பகுதி, மரபணுவுக்குள் கிடக்கும் பகுதி என்ற பொருளில்தான் வைத்தார். எக்ஸ், இன்ட்ரா என்ற முன்னொட்டுகளை மட்டும் பெயர்த்தால் கருத்து வராது.

எக்சானுக்குக் ‘குறிப்பகுதி’ என்று இன்னொருவர் எழுதியிருந்தார். அதுவும் பொருந்தாது. இந்த மரபணுவின் முதல் எக்சானில் தொடக்க 50 எழுத்துகள் புரதத்தின் அலகான எந்த அமினோ அமிலத்தையும் குறிப்பதில்லை, ஆனாலும் அவை எக்சான்தான்.

இன்ட்ரானுக்கு முதலில் எனக்குத் தோன்றியது ‘கழிதுண்டு’. விட்டுவிட்டேன், கழிவு என்ற நினைப்பைத் தந்துவிடும். இந்தப் புரதம் போதிய அளவு உருவாகாத பரம்பரை இரத்தசோகையான பீட்டா தலசீமியாவுக்கு இந்தியாவில் மிகப் பரவலான காரணம் முதல் இன்ட்ரானின் ஐந்தாம் எழுத்து ஜி-யிலிருந்து சி-யாக மாறுவது. அந்த ஓர் எழுத்தால் செல் சரியான இடத்தில் வெட்ட முடியாமல் தடுமாறுகிறது, குழந்தைக்கு இரத்தம் ஏற்றிக்கொண்டே இருக்க வேண்டியதாகிறது. அதைக் கழிவு என்று எப்படிச் சொல்வது?

அதனால் என் பரிந்துரை: எக்சான் – சேர்துண்டு, இன்ட்ரான் – இடைத்துண்டு. முன்னது ஊறுகாய், சுடுசோறு போல வினைத்தொகை, ஆகவே ஒற்று மிகாது. பின்னது இருக்கும் இடத்தை மட்டும் சொல்கிறது, பயனைப் பற்றித் தீர்ப்பு எதுவும் சொல்வதில்லை.

வாக்கியத்தில் வைத்துப் பாருங்கள்: “அரிவாள் செல் நோயின் மாற்றம் முதல் சேர்துண்டில் இருக்கிறது, உங்கள் பிள்ளைக்கு இருப்பது முதல் இடைத்துண்டில்.” ஒரு மருத்துவர் பெற்றோரிடம் இப்படிச் சொல்ல முடியும். சிவப்பணுவை அரிவாள் போல வளைக்கும் அரிவாள் ஹீமோகுளோபின் இந்தியாவில் முதலில் கண்டறியப்பட்டதே நீலகிரிப் பழங்குடியினரிடம்தான், 1952இல். அங்கே உட்கார்ந்து பேசுகிறவர்களுக்குத் தமிழில் சொல் வேண்டும் என்பதற்காகத்தான் இவ்வளவு மல்லுக்கட்டுகிறேன்.

வெட்டுவதும் ஒட்டுவதும் சேர்ந்த அந்தச் செயலுக்கு, ஸ்ப்ளைசிங்குக்கு, இன்னும் சொல் அமையவில்லை. ‘வெட்டியொட்டல்’ என்று வைத்திருக்கிறேன், நீளமாகத் தெரிகிறது. இதைவிடச் சின்னதாக ஏதாவது தோன்றுகிறதா?