மினியின் முன்கண்ணாடி: பீடிங் மட்டும் மாற்றினால் போதுமா?

யாழ்_மினி67:
என்னுடையது 1967 மொரிஸ் மினி கார். முன்கண்ணாடி ரப்பருக்குள் சுற்றி ஓடும் குரோம் பீடிங் பாம்புச் சட்டை மாதிரி உரிகிறது. பெயர்தான் குரோம், உள்ளே வெறும் பிளாஸ்டிக், மேலே வெள்ளித் தாள். இரண்டு முனையும் சந்திக்கும் இடத்தில் இரண்டு விரல் இடைவெளி விழுந்துவிட்டது. கார்த்திகை மழைக்கு ஓட்டுநர் பக்கக் கால்விரிப்பு ஊறிப்போனது. நாலு மீட்டர் புது பீடிங் வாங்கி வைத்திருக்கிறேன். தெரிந்த கராஜில் "சிலிக்கன் அடித்தால் சரி" என்கிறார்கள். நானே மாற்றலாமா?

ஸ்பானர்_சாமி, சென்னை:
தாராளமாக மாற்றலாம் தம்பி, ஒரு மணி நேர வேலை. பழைய பீடிங்கின் முனையை நெம்பி உருவினால் மொத்தமும் வந்துவிடும். பள்ளத்தை பிரஷ் போட்டுத் துடைத்து, சோப்புத் தண்ணீர் தடவிப் புதியதை ஏற்று. அதற்கென்று கைப்பிடியும், பீடிங்கைக் கோர்க்கும் கண்ணும் உள்ள ஒரு கருவி இருக்கிறது. கிடைக்காவிட்டால் சைக்கிள் ஸ்போக்கை வளைத்துக் கண் போலச் செய்துகொள், நான் அப்படித்தான் சமாளிக்கிறேன். கண்ணாடியைத் தொடாதே.

லெஸ்டர்_லிங்கம், இங்கிலாந்து:
சாமி அண்ணை சொல்வது ரப்பர் நல்லதாக இருந்தால்தான் சரி. தம்பி, அந்தப் பீடிங் அலங்காரம் இல்லை, பூட்டு. மினியின் ரப்பரில் ஒரு பள்ளம் பாடித் தகட்டைக் கவ்வும், இன்னொன்று கண்ணாடியைக் கவ்வும். வெளிப்பக்கம் இருக்கும் மூன்றாவது பள்ளத்தில் பீடிங்கைத் திணித்தால்தான் ரப்பர் விரிந்து மற்ற இரண்டையும் இறுக்கும். காய்ந்துபோன ரப்பரில் புதுப் பீடிங்கைத் திணித்தால் பள்ளத்தின் உதடு கிழியும், அல்லது விரியாமல் அப்படியே நிற்கும். பார்வைக்குப் பளபளப்பு, உள்ளே தண்ணீர். ரப்பரையும் சேர்த்து மாற்றுங்கள்.

ஸ்பானர்_சாமி:
சொல்வது சுலபம். ரப்பரை மாற்ற வேண்டுமென்றால் கண்ணாடியைக் கழற்ற வேண்டும். லேமினேட்டட் கண்ணாடியின் ஓரத்தில் நெம்புகோல் கொஞ்சம் அழுந்தினால் போதும், சிலந்திவலை. அதை எங்கே போய்த் தேடுவது? ஐந்நூறு ரூபாய் வேலைக்காக ஐயாயிரத்தை ஏன் பணயம் வைக்க வேண்டும்? உங்கள் ஊரில் போன் போட்டால் வீட்டு வாசலுக்கு வரும், எல்லோருக்கும் அப்படியா?

லெஸ்டர்_லிங்கம்:
நெம்பினால்தானே உடையும்? பழைய ரப்பரைக் காப்பாற்ற நினைக்கிறவர்தான் நெம்புவார். எப்படியும் எறியப்போகிற ரப்பர், பிளேடால் வெளி உதட்டைச் சுற்றி அறுத்துவிட்டால் கண்ணாடி கைக்கு வந்துவிடும். மாட்டும்போதும் வரிசை இருக்கிறது: முதலில் ரப்பரைப் பாடியில் ஏற்றி, பிறகு கண்ணாடியை ரப்பருக்குள் இறக்கி, கடைசியில் பீடிங். அவசரப்படாமல் சவர்க்காரத் தண்ணீரை வேண்டிய மட்டும் விட்டால் உடையாது.

இன்னொன்று, நான் உண்மையில் பயப்படுவது கண்ணாடிக்கு இல்லை, கீழே இருக்கும் தகட்டுக்கு. மினியின் முன்கண்ணாடிக் கீழ்மூலைகள் கறல், அதாவது துரு, பிடிக்கிற இடம். இங்கே குளிர்காலத்தில் தெருவில் உப்புத் தூவுவார்கள், அதனால் நிறையப் பார்த்துவிட்டேன். கால்விரிப்பு நனைகிறது என்றால் தண்ணீர் அந்த வழியாகவும் வரலாம். ரப்பரை எடுக்காமல் அது தெரியாது.

மழைக்காலம்:
சிலிக்கன் பற்றி யாரும் பேசவில்லையே. புளிச்ச காடி மாதிரி மணக்கிற சிலிக்கன், காயும்போது அசெட்டிக் அமிலத்தை விடும். அது வெறும் இரும்புக்கு ஆகாது. போதாததற்கு, சிலிக்கன் பட்ட இடத்தில் பிறகு பெயின்ட் பிடிக்காமல் மீன்கண் மாதிரிக் குழிகுழியாக விழும். பெயின்டரிடம் வாங்கிக் கட்டிக்கொள்வீர்கள். ஏதாவது வைத்தே ஆகவேண்டுமென்றால் இறுகாத மாஸ்டிக் பேஸ்ட் வையுங்கள்.

சோப்புத் தண்ணீருக்குப் பாத்திரம் கழுவும் திரவமும் வேண்டாம், அதில் பலவற்றில் உப்பு இருக்கிறது, தகடு கறல் பிடிக்கும்.

ஸ்பானர்_சாமி:
சிலிக்கன் கூடாது, அதில் நானும் உங்கள் கட்சிதான். ஆனால் பாத்திர சோப்பு கதையெல்லாம் பூதாகரம். இருபது வருடமாக அதைத்தான் விட்டுக்கொண்டிருக்கிறேன். வேலை முடிந்ததும் நல்ல தண்ணீர் ஊற்றிக் கழுவிவிடு, அவ்வளவுதான்.

தம்பி, யாருமே சொல்லாத விஷயம் ஒன்று. உன் பீடிங் ஏன் சுருங்கியது தெரியுமா? வெயிலில் பிளாஸ்டிக்கின் சத்து வடிந்தது பாதி. மாட்டினவர் இழுத்து இழுத்து ஏற்றினது மீதி. இழுபட்ட பிளாஸ்டிக் பழைய நீளத்துக்குத் திரும்பாமல் விடாது. ஏற்றும்போது பின்னாலிருந்து தள்ளிக் கொடு, முன்னால் இழுக்காதே. கடைசியில் ஒரு விரல்கடை கூடுதலாக வெட்டி, இரண்டு முனையையும் முட்டவைத்து அமுக்கு.

லெஸ்டர்_லிங்கம்:
இதை முழுக்க ஒத்துக்கொள்கிறேன்.

தம்பி, உதட்டை விரலால் மடக்கிப் பாருங்கள். மடிப்பில் வெடிப்புத் தெரிந்தால் விவாதமே வேண்டாம்.

யாழ்_மினி67 (இரண்டு கிழமை கழித்து):
மடக்கினேன், சுண்டின பனையோலை மாதிரி வெடித்தது. ரப்பர் வரவழைத்தேன். அக்கா வெளியே நின்று ஏந்த, நான் உள்ளிருந்து தள்ள, கண்ணாடி முழுதாக வந்தது. ஓட்டுநர் பக்கக் கீழ்மூலையில் பெயின்ட் கொப்புளம். ஸ்க்ரூ டிரைவரால் மெல்லத் தட்டினேன், நுனி உள்ளே போய்விட்டது. பட்டாணி அளவு ஓட்டை, சுற்றிலும் கறல். வெட்டி, வெல்டிங் போட்டு, இப்போது பிரைமர் காய்கிறது. பீடிங்கின் இணைப்பை மேலே வைப்பதா, கீழேயா?

ஸ்பானர்_சாமி:
கீழே, நடுவில். வைப்பர் பக்கத்தில் யார் கண்ணுக்கும் படாது. ஓட்டை விஷயத்தில் லிங்கம் சார் ஜெயித்துவிட்டார், சரி.

லெஸ்டர்_லிங்கம்:
மேலே. கீழ்ப்பக்கம்தான் தண்ணீர் தேங்கி நிற்கும், இணைப்பைக் கொண்டுபோய் அங்கே வைப்பானேன்?

ஸ்பானர்_சாமி:
மேலே வைத்தால் வெயில் முழுதும் அதன் மேல்தான். சுருங்கி வாய் பிளக்கும்போது சொல்லுங்கள்.

யாழ்_மினி67:
மேலே வைக்கிறேன், பிளந்தால் வந்து சொல்கிறேன். பின்கண்ணாடியின் ரப்பரையும் மடக்கிப் பார்த்தேன். ஒரு வெடிப்பும் இல்லை, நகத்தால் அமுக்கினால் எழும்பி வருகிறது. சாமி அண்ணை, அதற்குப் பீடிங் மட்டும்தான். ஸ்போக்கை எத்தனை அங்குலத்துக்கு வளைக்க வேண்டும்?