மரகதப்புறா கேட்டால் பச்சைக்கிளி வருகிறது, எப்படித் தேடக் கற்றுக்கொடுப்பது?

ஏழாம் வகுப்பு ஆசிரியை: நம் மாநிலப் பறவை மரகதப்புறாவைப் பற்றித் தேடி எழுதச் சொன்னேன். ஒரு பையன் பச்சைக்கிளி படத்தை ஒட்டிக்கொண்டு வந்து, "கூகுள்ல முதல்ல இதுதான் மிஸ் வந்துச்சு" என்கிறான். போதாததற்குக் கணினி அறையில் எதையாவது தொட்டால் கண்ட விளம்பரமும் வருகிறது, பயமாக இருக்கிறது. என்ன செய்யலாம்?

கணினி ஆசிரியர்: முதலில் ரவுட்டரில் டிஎன்எஸ்ஸை, அதாவது தளத்தின் பெயரை அதன் எண் முகவரியாக மாற்றித் தரும் சேவையை, 1.1.1.3 என்று மாற்றுங்கள் டீச்சர், அது கிளவுட்ஃபிளேர் நிறுவனத்தின் இலவசச் சேவை, ஆபாசத் தளங்களையும் வைரஸ் தளங்களையும் தடுக்கும். விளம்பரம் எல்லாம் போகாது. கூகுளில் பாதுகாப்பான தேடலையும் போட்டுவிடுங்கள்.

இன்னொரு டீச்சர்: தடுத்தால் மட்டும் போதாது. 1998-லேயே இணையத்தில் ஏற்றிய 'மர ஆக்டோபஸ்' பக்கத்தைக் காட்டுங்கள். மரத்தில் வாழும் ஆக்டோபஸாம், படம், வாழிடம், அழியும் ஆபத்து எல்லாம் இருக்கும், அத்தனையும் கட்டுக்கதை. என் பிள்ளைகள் அப்படியே நம்பினார்கள்! அப்புறம், யார் எழுதியது, வேறு எங்கே இருக்கிறது என்று அவர்களே கேட்க ஆரம்பித்தார்கள்.

ஏழாம் வகுப்பு ஆசிரியை: சரி, நாளைக்கே காட்டுகிறேன். ரவுட்டர் வேலை எனக்குத் தெரியாது சார், படிப்படியாக எழுதுவீர்களா?

கணினி ஆசிரியர்: இன்று இரவே படத்தோடு போடுகிறேன் டீச்சர்.