வலிப்பு மாத்திரை ஒத்துக்கொண்டது, தூக்கம்தான் போய்விட்டது. யாருக்காவது இப்படி இருந்ததா?

மல்லிகைப்பந்தல்:
எனக்கு 34 வயது, ஊர் திருப்பூர். பத்து வருடமாக ஃபிட்ஸுக்கு மாத்திரை சாப்பிடுகிறேன். லெவிடிராசெட்டம் மட்டும் போதவில்லை என்று ஆடி மாதம் லாமோட்ரிஜினும் சேர்த்தார்கள். அதற்கப்புறம் ஒரு தடவைகூட வரவில்லை, அதில் குறை சொல்ல மாட்டேன். ஆனால் ராத்திரி பத்து மணிக்கு மாத்திரையைப் போட்டுவிட்டுப் படுத்தால் இரண்டு மணி வரை ஃபேனைப் பார்த்துக்கொண்டே கிடக்கிறேன். தூங்கினால் தூக்கத்தில் வந்துவிடுமோ என்று பயம், தூங்காவிட்டால் மறுநாள் வந்துவிடுமோ என்று அதைவிடப் பயம். மாமியார் பாதி அவில் போட்டுக்கொள் என்கிறார். போடலாமா?

மருந்துக்கடைக்காரன்:
அவில் வேண்டாம் சகோதரி. அந்தப் பழைய அலர்ஜி மாத்திரைகள் தூக்கத்தைக் கொண்டுவரும்தான், ஆனால் வலிப்பு உள்ள சிலருக்கு ஃபிட்ஸைத் தூண்டிவிடும். வலிக்குக் கொடுக்கும் டிராமடாலும் அப்படித்தான், பல் பிடுங்கப் போனால்கூட உங்களுக்கு வலிப்பு உண்டு என்று சொல்லிவிடுங்கள். லாமோட்ரிஜின் சிலருக்குத் தூக்கத்தைக் கெடுக்கும். ராத்திரி டோஸைச் சாயங்காலத்துக்கு நகர்த்துவது போல டாக்டர் ஏதாவது மாற்றித் தரலாம். அதை அவர் செய்யட்டும். நீங்களாக நேரத்தை மாற்றுவது, ஒருநாள் விட்டுப் பார்ப்பது எல்லாம் கூடவே கூடாது.

காலைநடுக்கம்:
என் கதை வேறு மாதிரி. 17 வயதில் காலையில் பல் தேய்க்கும்போது கை வெட்டி இழுத்து பிரஷ் சுவரில் போய் அடிக்கும், வீட்டில் சத்துக் குறைவு என்று பேரீச்சம்பழம் வாங்கிக் கொடுத்தார்கள். அந்த வருடம் வைகுண்ட ஏகாதசிக்கு ராத்திரி முழுக்கக் கண்விழித்து, விடியற்காலை சொர்க்கவாசல் வரிசையில் நின்று, வீட்டுக்கு வந்து காபி டம்ளரைக் கையில் எடுத்ததுதான் தெரியும். கண் திறந்தபோது உள்ளங்கையில் யாரோ திணித்த சாவிக்கொத்து. (இரும்பால் ஃபிட்ஸ் நிற்காது, அது பெரும்பாலும் இரண்டு மூன்று நிமிடத்தில் தானாகவே நிற்கும். ஐந்து நிமிடம் தாண்டினால் 108.) அப்புறம் ஈஈஜி (தலையில் ஒயர் ஒட்டி மூளை அலைகளைப் பதிவு செய்யும் சோதனை) எடுக்க முந்தின ராத்திரி தூங்காமல் வரச் சொன்னார்கள். தூக்கம் கெட்டால் மூளையின் கோளாறு அலைகள் சுலபமாக வெளியே தெரியுமாம்! எனக்கு என்ன நோய் என்று அதில்தான் பிடிபட்டது. இப்போது நைட் ஷிப்ட் கிடையாது, சிவராத்திரிக்கும் பத்தரைக்குப் படுத்துவிடுவேன், சாமி கோபித்துக்கொள்ளாது. அதனால் தூக்கம் வரவில்லை என்பதை டாக்டரிடம் கடைசியில் எழுந்து வரும்போது சொல்லாதீர்கள், உட்கார்ந்ததும் முதலில் சொல்லுங்கள்.

குறட்டைக்காரர் மனைவி:
என் வீட்டுக்காரருக்கு 46. எட்டு மணி நேரம் தூங்கியும் பஸ்ஸில் நின்றபடியே தூங்கி வழிவார், மாத்திரை மயக்கம் என்றே நினைத்தோம். வால்ப்ரோயேட் என்ற வலிப்பு மாத்திரை ஆரம்பித்த பிறகு எடை ஏறியிருந்தது, குறட்டையும் கூடியிருந்தது. குறட்டை நடுவில் மூச்சு நின்று திணறி மறுபடி வருவதை நான் ஃபோனில் வீடியோ எடுத்துக் காட்டிய பிறகுதான் ராத்திரி முழுக்க ஒயர் மாட்டித் தூக்கப் பரிசோதனை செய்தார்கள். ஸ்லீப் ஆப்னியா, அதாவது தூக்கத்தில் மூச்சு நின்று நின்று வருவது. இப்போது மூச்சுக்குழாய் அடைக்காமல் காற்றை அழுத்தி அனுப்பும் மாஸ்க் போட்டுத் தூங்குகிறார், ஃபிட்ஸும் குறைந்திருக்கிறது. உங்களுக்கு ஒரு கேள்வி: காலையில் எழுந்தால் நாக்கில் கடி, அடித்துப் போட்ட மாதிரி உடம்பு வலி, படுக்கையில் ஈரம், இப்படி ஏதாவது உண்டா? தூக்கத்தில் வந்து போனால் நமக்கே தெரியாது.

மல்லிகைப்பந்தல்:
அக்கா, உங்கள் கேள்வியைப் படித்ததும் பகீர் என்றது. போன மாதம் இரண்டு தடவை தலையணை உறையில் துளி ரத்தக்கறை இருந்தது, ஈறில் வந்திருக்கும் என்று துவைத்துப் போட்டுவிட்டேன். அந்த இரண்டு நாளும் தோள்பட்டையைத் தூக்க முடியவில்லை, தையல் மெஷினில் உட்கார்ந்த வலி என்று தைலம் தேய்த்தேன். அவிலைத் திருப்பிக் கொடுத்துவிட்டேன். வியாழக்கிழமை டாக்டரைப் பார்க்கிறோம், அதுவரை ராத்திரியில் நான் அசைந்தால் எழுந்து வீடியோ எடுக்கிறேன் என்று என் வீட்டுக்காரர் சொல்லியிருக்கிறார். அவர் தூங்குகிற தூக்கத்துக்கு எழுந்தால் சரி.